மைபராவுக்கு அப்பால் 420 யென்

2023 நவம்பரில் அம்மாவும் நானும் தம்பியைப் பார்க்கக் கியோட்டோ போயிருந்தோம். ஜப்பான் முழுக்கச் செல்லும் ஜேஆர் ரயில் பாஸ் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். அந்த அக்டோபர் 1ஆம் தேதிதான் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. அம்மா அதைக் கேட்டதும், "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். சரி என்று கான்சாய் ஏரியா பாஸ், 4 நாளுக்கு ஆளுக்கு 7,000 யென் கொடுத்து வாங்கினோம். ஒசாகா, நாரா, கோபே, ஹிமேஜி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தம்பிக்கு அது கிடையாது. குறுகிய காலப் பயணியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த பாஸ். அங்கேயே வேலை பார்ப்பவர்கள் வாங்க முடியாது. பணம் ஏற்றி வைத்து நிலையக் கதவில் தட்டிவிட்டுப் போகும் இக்கோகா அட்டை அவனிடம் இருந்தது, அதைத் தட்டிக்கொண்டே எங்களோடு சுற்றினான்.

மூன்றாம் நாள் செகிகஹாரா போக வேண்டும் என்றான். 1600இல் தொகுகவா இயேயாசுவும் இஷிதா மித்சுனாரியும் மோதிய இடம். பள்ளியில் வரலாறு என்றாலே ஓடியவன், ஜப்பான் போனதும் போர்க்களங்களைத் தேடி அலைகிறான். பாஸோடு கொடுத்த வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். கிழக்கே கோடு மைபரா நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. செகிகஹாரா அதற்கு அப்பால் 22 கிலோமீட்டர்.

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. போய் இறங்கி, மைபராவிலிருந்து எவ்வளவோ அதைக் கட்டிட்டா போதும்" என்றான் தம்பி. நம் ஊர்ப் பழக்கத்தில், டிக்கெட் இல்லாத தூரம் போவது என்றாலே அபராதம் என்றுதான் மனம் நினைக்கும். அங்கே கூடுதல் தூரம் போய்விட்டுக் கணக்குத் தீர்ப்பதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, 'சேய்சான்'. அதைச் சொல்லிக்கொண்டு நிலையத்தின் டிக்கெட் ஜன்னலில் போய் நின்றால் யாரும் முறைப்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாஸ் எந்த வண்டிக்குச் செல்லுமோ அதில்தான் போக வேண்டும். மைபராவில் புல்லட் ரயிலான ஷின்கான்சென்னும் நிற்கிறது. ஆனால் எங்கள் பாஸுக்கும் ஷின்கான்சென்னுக்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஏறினால் பயணக் கட்டணம், அதிவேகக் கட்டணம் இரண்டையும் கியோட்டோவிலிருந்தே கட்ட வேண்டும். அதனால் சாதாரண விரைவு வண்டி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மைபரா வந்தது. அங்கே ஜேஆர் வெஸ்ட் என்ற ரயில் நிறுவனத்தின் எல்லை முடிந்து ஜேஆர் டோகாய் என்ற இன்னொரு நிறுவனத்தின் எல்லை தொடங்குகிறது. வண்டியும் மாறுகிறது, பெட்டியில் ஓடும் பட்டை ஆரஞ்சு நிறமாகிறது. மாறுவதற்கு இருந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை, படிக்கட்டில் அம்மாவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஓடினோம்.

செகிகஹாரா சின்ன நிலையம். ஜன்னலில் இருந்தவரிடம் இரண்டு பாஸையும் நீட்டினேன். தேதியைப் பார்த்தார், "மைபரா காரா" என்றார். மைபராவிலிருந்து. பிறகு கால்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். 840.

அம்மா அஞ்சலகத்தில் முப்பது வருடம் சேமிப்புக் கணக்குப் பார்த்தவர். தம்பியின் செல்போனில் கட்டணங்களை ரயிலிலேயே பார்த்து வைத்திருந்தார் போல. "கியோட்டோவிலிருந்து இங்க வர 1,520. மைபரா வரைக்கும் 1,170. வித்தியாசம் 350. ரெண்டு பேருக்கு 700தானே வரணும்? இவர் 840 கேக்கறாரே" என்றார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி.

கணக்கு சரிதான். ஆனால் பாஸ் என்பது கியோட்டோவிலிருந்து மைபராவுக்கு எடுத்த டிக்கெட் இல்லை. அதன் எல்லை முடிகிற இடத்தில் புதிதாக ஒரு பயணம் தொடங்குவதாகத்தான் கணக்கு. அந்த 22 கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம் 420 யென். கட்டணம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறாமல் தூர அடுக்குகளாகத்தான் ஏறும், அதனால் ஒரே தூரத்தை இரண்டாக வெட்டினால் கூட்டுத்தொகை மாறிவிடும். கியோட்டோவிலிருந்து 90 கிலோமீட்டரை ஒரே மூச்சில் வந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 17 யென். மைபராவில் வெட்டித் தொடங்கினால் 19 யென். அந்த வெட்டுக்கான விலைதான் ஆளுக்கு 70 யென்.

"நடுவழியில வேற ஆட்டோ பிடிச்சா மீட்டர் முதல்ல இருந்துதானேம்மா ஓடும்" என்றேன். அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார்.

அடுத்து தம்பியின் முறை. எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, அட்டை இருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்று சொல்லியபடி இக்கோகாவை வைத்தான். கதவு சிவந்து மூடிக்கொண்டது. அவனுக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: ஜேஆர் வெஸ்ட்டின் இக்கோகா பகுதியில் தட்டி உள்ளே போனவர் ஜேஆர் டோகாயின் டோய்க்கா அட்டைப் பகுதியில் தட்டி வெளியே வர முடியாது. அட்டை ஒன்றுதான், இரண்டு பகுதியிலும் செல்லும், ஆனால் எல்லையைத் தாண்டும் ஒரே பயணத்துக்குச் செல்லாது. மைபராவில் ஒருமுறை வெளியே தட்டி, திரும்ப உள்ளே தட்டியிருக்க வேண்டும். ஓடுகிற அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம்? 1,520 யென்னை ரொக்கமாகக் கட்டினான். அட்டையில் 'கியோட்டோவில் உள்ளே போனார், இன்னும் வெளியே வரவில்லை' என்று நிற்கிற கணக்கை அழிக்க ஒரு தாளைக் கொடுத்து, இக்கோகா பகுதிக்குப் போனதும் நிலையத்தில் காட்டச் சொன்னார்கள். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மித்சுனாரி முகாமிட்ட மேட்டில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் அவன்தான் விளக்கம் சொல்வதாக ஏற்பாடு!

திரும்பும்போது நாங்கள் தேறிவிட்டோம். செகிகஹாராவிலேயே மைபரா வரைக்கும் 420 யென் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். மைபராவில் வெளியே வரவே வேண்டாம், வண்டி மாறி உட்கார்ந்தால் போதும். கியோட்டோவில் ஆள் இருக்கும் வழியில் டிக்கெட்டையும் பாஸையும் சேர்த்துக் காட்டினோம், கை காட்டி அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அம்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒருவருக்கு 4 நாள் பாஸில் ஒரு நாளுக்கு 1,750, போக வரக் கூடக் கட்டியது 840, ஆக 2,590. பாஸ் இல்லாமல் போய் வந்திருந்தால் 3,040. லாபம் 450. ஆனால் இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் 2,800 யென்னுக்கு ஒரு நாள் பாஸ் எடுத்திருந்தால் மொத்தம் 3,640 ஆகி, 600 யென் நஷ்டம். எல்லையைத் தாண்டும் திட்டம் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டு பாஸ் வாங்குங்கள். பெரிய பாஸ் வைத்திருந்தால் இந்த வேலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நகோயாவிலிருந்து இசே போகும் மியே விரைவு வண்டி நடுவில் கொஞ்ச தூரம் இசே ரயில்வே என்ற வேறு நிறுவனத்தின் பாதையில் ஓடும். முழு ஜப்பான் பாஸ்காரர்களும் அப்போது அதற்கு 520 யென் தனியாகக் கட்டினார்கள்.

கியோட்டோ நிலையத்தில் தம்பி அந்தத் தாளோடு வரிசையில் நின்றபோது, நாங்கள் வெளியே வந்து பத்து நிமிடம் காத்திருந்தோம். அவன் வந்ததும் அம்மா, "பேசாம நீயும் எங்கள மாதிரி சுற்றுலா விசாவுல வந்திருக்கலாம்டா" என்றார்.