வேளச்சேரியில் பழைய ஃபிளாட் வாங்கியபோது படித்த பத்திரச் சொற்கள்

வேளச்சேரியில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு ஃபிளாட்டை வாங்கினோம். வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது; பத்திரங்கள் புரியத்தான் நாளானது. வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், ஒவ்வொரு சொல்லையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் வில்லங்கச் சான்றிதழ், எல்லோரும் சொல்கிற இசி; சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல் அது. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் இலவசமாகவே பார்க்கலாம். நிலத்துக்காரர் தன் சார்பில் செயல்பட பில்டருக்குக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்), முதல் ஆள் வாங்கிய கிரையம் (விற்பனைப் பத்திரம்) என்று வரிசையாக வந்தது. நடுவில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு. விற்பவர் வீட்டுக் கடனுக்காகத் தாய்ப்பத்திரங்களை, அதாவது சொத்தின் மூலப்பத்திரங்களை, வங்கியில் வைத்ததுதான் அது.

“அந்தக் கடனை எப்பவோ அடைச்சாச்சு சார், பேங்க் லெட்டர்கூட இருக்கு” என்றார் அவர். லெட்டர் உண்மையானதுதான். வக்கீல் அதைப் படித்துவிட்டு, “கடன் முடிஞ்சது சரி, ரசீது பதிவு ஆகலையே” என்றார். பதிவு செய்து வைத்த அடமானம் தீர்ந்தால், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். அதுவரை இசியில் அடமானம் நிற்பதாகவே காட்டும்; எங்களுக்குக் கடன் தரும் வங்கியும் பணத்தை விடாது. அதனால் சிறிய தொகையை மட்டும் அட்வான்ஸ் கொடுத்து, ரசீது பதிவான பிறகே மீதி என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். அந்த வங்கிக் கிளை அதிகாரி வந்து கையெழுத்துப் போடுவதற்குள் விற்பவர் பலமுறை அலைய வேண்டியிருந்தது. பாவம், அவரும் நல்ல மனிதர்.

ஒப்பந்தம் போட்டதாலேயே வீடு நம்முடையதாகிவிடாது. பதிவான கிரையப் பத்திரம்தான் உரிமையை மாற்றும். பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்து மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இசிக்கும் ஓர் எல்லை உண்டு: பதிவானதை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. எனவே நிலத்துக்காரரின் குடும்பத்தில் வாரிசுகள் யார், மகள்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று மூலப்பத்திரத்தைப் பிரித்துப் படித்தார் வக்கீல். எனக்கு மிகவும் நிம்மதி தந்தது அந்த வேலைதான்.

யுடிஎஸ் என்பது பிரிபடாத பாகம், அதாவது மனையில் நமக்குரிய பங்கு. கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் பேச்சு இதை வைத்துத்தான். எல்லா ஃபிளாட்டுகளின் யுடிஎஸ்ஸையும் கூட்டி மனையின் பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை பரப்பைத் தாண்டினால் ஏதோ தவறு இருக்கிறது.

அப்புறம் பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80% வரைதான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பேசிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 60 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொண்டால் கடன் 48 லட்சம். கையிலிருந்து 12 லட்சமும், பதிவுக்கு 5.40 லட்சமும் போடவேண்டும். “80% லோன் கிடைக்கும்” என்று தரகர் சொல்லும்போது இந்தக் கணக்கை யாரும் பக்கத்தில் எழுதிக் காட்டுவதில்லை. இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ்ஸை, அதாவது விற்பவருக்குத் தரும் பணத்திலேயே பிடிக்கும் வருமான வரியை, வாங்குபவர்தான் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்டவேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் விதிகள் வேறு, பிடிக்கவேண்டிய வரியும் அதிகம். அட்வான்ஸுக்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.