கதவைத் தட்டிக் கேட்கணும்

அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் பிள்ளைகள் தானாக வந்துவிடுவார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜஸ்தானில் சஃபீனா ஹுசைன் 2007-இல் தொடங்கிய 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் செய்ததைப் படித்த பிறகு அந்த நினைப்பு போச்சு.

அவர்கள் வெளியூர் ஆட்களை இறக்கவில்லை. அந்தந்த ஊர் இளைஞர்களையே 'டீம் பாலிகா' என்று சேர்த்து, வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குப் போகாத பெண் பிள்ளைகளைப் பெயர் பெயராக எழுதி, அப்புறம் ஊர்க் கூட்டம் போட்டு, மசியாத அப்பாவிடம் மறுபடி மறுபடி போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஆடு மேய்க்க யார், தம்பியைப் பார்க்க யார் என்று கேட்பாராம். நியாயமான கேள்விதானே? பக்கத்துத் தெருப் பெண் வந்து பேசினால்தான் அதற்குப் பதில் கிடைக்கும், துண்டறிக்கையில் கிடைக்காது.

பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை, பட்டியலில் இருந்த பிள்ளைகளில் 92 சதவீதம் பேரைச் சேர்த்துவிட்டார்கள். 2025-இல் மகசேசே விருதும் கிடைத்தது.

சரி, சேர்த்தாச்சு. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அடுத்த பள்ளி தூரத்து ஊரில் இருந்தால், பஸ் விடச் சொல்லி யார் போய் உட்கார்ந்து பேசுவது?