‘தேஞ்சு போச்சுங்களா?’

சென்னிமலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. முழங்கால் எக்ஸ்ரே கவரோடு ஒருவர் உள்ளே வந்தாலே என்ன கேட்பார் என்று தெரியும். “ஏனுங்க, தேஞ்சு போச்சுங்களா?”

இந்த ஒரு சொல்லோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். தறி ஓடுகிற ஊர். தேய்ந்த புஷ்ஷையும் பேரிங்கையும் கழற்றி மாட்டிப் பழகியவர்கள். ஓட்டினால் தேயும், நிறுத்தினால் தேயாது என்பது அவர்கள் கண்ணால் கண்ட நியாயம். முழங்காலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. தொடையெலும்பின் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் பூசினாற்போல் படிந்திருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான திரவம்தான் அதற்குச் சோறு. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மடக்காமல் நீட்டாமல் வைத்திருந்தால் அதைப் பட்டினி போடுகிறோம்.

அதற்கு நரம்பும் கிடையாது. வலிப்பது அதன் அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றிய உறையும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் கணிக்கிறார்கள். இடைவெளி வெகுவாகக் குறைந்தும் களைவெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. படம் நன்றாக இருந்தும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாதவர்களும் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் முதல் வருடத்திலேயே தவறு செய்தேன். தரையில் உட்கார்ந்து தறிக்கு நூல்தார் சுற்றும் ஒரு பெரியம்மா. “கொஞ்ச நாளைக்குக் காலுக்கு ஓய்வு குடுங்க” என்று அனுப்பிவிட்டேன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி டேப்பைச் சுற்றினேன். வலிக்கிற கால் மற்றதைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. “நீ சொன்னாப்பலயே கட்டல உட்டு எறங்கவே இல்ல அம்மிணி” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

சிறுத்தது தொடையின் முன்பக்கத் தசை. நான்கு தசைகள் சேர்ந்து சில்லைப் பிடித்து, அதற்குக் கீழே நாராக இறங்கிக் கீழ்க்கால் எலும்பில் முடிகின்றன. சில்லு கிணற்றுச் சகடை மாதிரி: நாரை மூட்டிலிருந்து தள்ளிப் பிடிப்பதால் குறைந்த பலத்தில் கால் நீள்கிறது. இன்னொன்று எனக்கு இன்றைக்கும் வியப்பு. காலை முழுக்க நீட்டும்போது கடைசியில் கீழ்க்கால் எலும்பு இம்மியளவு வெளிப்பக்கம் திரும்பி, பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிடும். மறுபடி மடக்க, முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னத் தசை அந்தப் பூட்டைத் திறக்கும். தறிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பூட்டு எவ்வளவு பெரிய உதவி!

பெரியம்மாவுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றையே சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தேன். “கீழ அமுத்துங்க.” சில்லுக்கு மேலே என் உள்ளங்கை. முதல் நாள் தோலுக்கடியில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். மூன்றாம் வாரம் தசை கையை எதிர்த்துத் தள்ளியது. தார் ராட்டையைப் பலகைமேல் ஏற்றி, ஸ்டூலில் உட்கார வைத்தோம்.

ஆறாம் மாதம் கேட்டார்: “மலைக்குப் போலாமா அம்மிணி?” மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்கு 1320 படி. இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும். முழங்கால் நோவதும் அப்போதுதான். “அடிவாரத்துல முப்பது படி ஏறிப் பாருங்க. கம்பியப் புடிச்சு மெதுவா எறங்குங்க. மேல கும்புட பஸ்ஸுல போயிக்கலாம்” என்றேன்.

மறு வாரம் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தார். நாற்பது ஏறினாராம்.