நிப்பிள் இல்லாத ஷாஃப்ட்

சங்கிலி இல்லாத மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. சங்கிலிக்காரர்கள் ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கறுப்புக் கையோடு குந்தியிருக்கும்போது, "எங்கள் வண்டிக்குப் பராமரிப்பே தேவையில்லை" என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் தண்டு ஒன்று சக்கரத்தை ஓட்டும் இந்த ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைந்த வேலையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் அது செய்யப்படாமலேயே போகிறது.

நாமக்கல்லில் அப்பாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவள் நான். அங்கே புரொப்பல்லர் ஷாஃப்ட் என்றால் கிரீஸ் கன் என்றுதான் அர்த்தம். மூட்டின் நடுவிலுள்ள ஜாயின்ட் கிராஸில் ஒரு நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு வாய்; ஸ்ப்ளைன் எனப்படும் தண்டின் நீளவாக்குப் பற்கள் சறுக்கும் இடத்தில் இன்னொரு நிப்பிள். லாரிக்கு அடியில் படுத்து, நிப்பிளின் வாயைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். புதியது உள்ளே போகிறது, கெட்டது வெளியே வருகிறது என்பது கண்ணெதிரே தெரியும். இப்போது கனடாவில், ஸ்கார்பரோ வீட்டின் கராஜில் நிற்கும் என் யமஹா வி ஸ்டார் 650 வண்டியின் ஷாஃப்ட்டில் ஒரு நிப்பிள்கூடக் கிடையாது. கிரீஸ் வைக்க வேண்டுமென்றால் பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் பக்கத்திலுள்ள கியர் பெட்டியைக் கழற்றி, ஷாஃப்ட்டை வெளியே இழுத்தாக வேண்டும். ஆகவே நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பின் டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் வெளியே வரும். சக்கரம் எப்படியும் கழன்றுதான் ஆக வேண்டும், மிச்ச வேலை ஒரு மணி நேரம்தான்.

ஷாஃப்ட் என்பது புதுமையும் அல்ல. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905இலேயே நான்கு சிலிண்டர் வண்டியில் இதை வைத்தது. பிஎம்டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32, 1923இல் ஷாஃப்ட்டோடுதான் பிறந்தது. இத்தனை காலம் கழித்தும் அடிப்படை மாறவில்லை. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் வழியாக, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் இருக்கும் தண்டுக்குப் போகிறது. தண்டின் மறுமுனையில், அந்தக் கியர் பெட்டிக்குள், பினியன் என்ற சிறிய பல்சக்கரம், அதோடு கோர்த்த பெரிய ரிங் கியர். அந்த இரண்டும் சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன.

பினியனும் ரிங் கியரும் எண்ணெயில் நனைந்தபடி வாழ்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. என் கவலையெல்லாம் எண்ணெய் எட்டாத மூன்று பிடிமானங்களைப் பற்றித்தான். ஷாஃப்ட்டின் முன்முனை யுனிவர்சல் ஜாயின்ட்டுக்குள் நுழையும் இடம், பின்முனை பினியனோடு இணையும் இடம், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் ரிங் கியருக்குள் செருகும் இடம். மூன்றிலும் ஸ்ப்ளைன் பற்கள். எஞ்சினின் முழு முறுக்கும் இந்தப் பற்களின் பக்கவாட்டில்தான் இறங்குகிறது. அதே நேரத்தில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது பல்லும் பல்லும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும். பெரிய அழுத்தம், மிகச் சிறிய அசைவு. இரும்பை அரிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உரசி உதிரும் நுண்துகள் காற்றுபட்டுத் துருவாகிறது. அந்தத் துரு இரும்பைவிடக் கடினமாக இருந்து, அரைக்கும் பொடியாக மாறி, மேலும் தின்கிறது.

இந்த வண்டியைப் பழையதாக வாங்கி முதல் முறை பின்சக்கரத்தை இழுத்தபோது, ஹப்பிலிருந்து செம்பழுப்புத் தூள் உதிர்ந்து தரையில் விழுந்தது. எனக்கு மனம் பதைத்தது. டயர் அவ்வளவு பழையதாக இல்லை. யாரோ சமீபத்தில் இதே சக்கரத்தைக் கழற்றி, இதே பற்களைப் பார்த்து, ஒரு துளி கிரீஸ்கூட வைக்காமல் திரும்பவும் செருகி அனுப்பியிருக்கிறார்கள். ஹப்பின் பற்களில் தேய்மானம் நகத்துக்குத் தட்டுப்பட்டது. நல்லவேளையாக விளிம்புகள் இன்னும் கூராகிச் சாயவில்லை. பல் ஒரு பக்கம் சாய்ந்து கத்திபோல் ஆகிவிட்டால் எந்தக் கிரீஸும் அதைக் காப்பாற்றாது. ஒரு நாள் எஞ்சின் உறுமும், கியர் விழும், சக்கரம் மட்டும் நிற்கும்.

வேலையைச் சொல்கிறேன். இந்த வண்டிக்கு நடு ஸ்டாண்ட் கிடையாது. ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிய பிறகுதான் கை வைப்பேன். அதற்கு முன் கியர் பெட்டியின் எண்ணெயை வண்டி கொஞ்சம் சூடாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இறங்குவதைப் பார்ப்பது முக்கியம். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் வெள்ளித்தூள்போல் மின்னினால் பற்களோ பேரிங்கோ உதிர்கிறது.

பிறகு பிரேக் கம்பி, பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் டென்ஷன் பார், சக்கர அச்சான ஆக்சில் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். சக்கரத்தை வலப்பக்கம் நகர்த்தினால் ஹப் கியரிலிருந்து விடுபடும். ஸ்விங் ஆர்மில் பெட்டியைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிப் பின்னால் இழுத்தால் ஷாஃப்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

சுத்தம் செய்வதில் நான் அவசரப்படுவதே இல்லை. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்பவும் தேய்க்க வேண்டும். பழைய கிரீஸில் துருப்பொடி ஒளிந்திருக்கும். அதன் மேலேயே புதிய கிரீஸைப் பூசினால் உப்புத்தாளுக்கு எண்ணெய் தடவிய கதைதான். கியர் பெட்டியின் சீலுக்குள் மண்ணெண்ணெய் போய்விடாமல் துணி அடைத்துக்கொள்வது நல்லது.

உதவிக்கு வந்த தம்பி மகன் அலமாரியைக் காட்டிக் கேட்டான். "அத்தை, அவ்வளவு பெரிய டப்பாவில் கிரீஸ் இருக்கிறதே. அதையே பூசிவிடலாமே? இந்தச் சின்னக் குழாய்க்கு ஏன் இவ்வளவு விலை கொடுத்தீர்கள்?"

"அது பேரிங்குக்குப்பா. இங்கே நிற்காது" என்றேன்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண லித்தியம் கிரீஸ் உருளும் பேரிங்குக்கு அருமையானது. ஸ்ப்ளைன் அழுத்தத்தில் அது பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும், பல்லின் முகம் வெறுமையாகிவிடும். இங்கே வேண்டியது மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கனிமம் கலந்த கெட்டிக் கிரீஸ், அதாவது மாலிப்டினம் பசை. அந்தக் கனிமம் ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு உடையது. அழுத்தம் கூடினாலும் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு இரும்பின் மேல் ஒட்டியே இருக்கும். கிரீஸின் எண்ணெய்ப் பகுதி காய்ந்த பிறகும் அந்தக் கருஞ்சாம்பல் படலம் வேலை செய்யும். கடையில் 'மோலி கிரீஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. அவற்றில் பெரும்பாலும் 3 முதல் 5 விழுக்காடுதான் மாலிப்டினம் இருக்கும். பாதிக்கு மேல் அது இருக்கும் கெட்டிப் பசையாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் ஒரு குழாய் பல டயர்களுக்கு வரும். ஒரு ஹப்பின் விலையோடு ஒப்பிட்டால் பேசவே வேண்டாம்.

பல் துலக்கும் பிரஷ்ஷால் எல்லாப் பற்களின் முகத்திலும் மெல்லியதாகப் பூசினால் போதும். அள்ளி அப்பக் கூடாது. மிகுந்தது சுழற்சியில் வெளியே தெறிக்கும். மூடிய குழிக்குள் நிறைத்தால் ஷாஃப்ட் முழுதாக உள்ளே போய் உட்காராது.

திரும்பச் செருகுவதற்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும். முன்னால் இருக்கும் ரப்பர் உறையை நான் விலக்கி, டார்ச் அடித்து, யுனிவர்சல் ஜாயின்ட்டை நேராகப் பிடித்துக்கொண்டேன். அவன் பின்னால் பெட்டியைத் தாங்கியபடி ரிங் கியரைக் கையால் மெல்லத் திருப்பினான். பல்லுக்குப் பல் வந்ததும் ஷாஃப்ட் தானாகவே வழுக்கி உள்ளே போனது. அடித்து ஏற்ற வேண்டிய வேலையே இல்லை இது. சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ கோணலாக இருக்கிறது என்று பொருள். ரப்பர் உறையில் வெடிப்பு இருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். வசந்தத்தின் முதல் மழைவரை அந்த உப்பு சாலையிலேயே கிடக்கும், சின்ன வெடிப்பு போதும் அதற்கு.

பெட்டியின் நட்டுகளை நான் உடனே இறுக்குவதில்லை. கையால் திருகும் அளவுக்கு மட்டும் விட்டு, சக்கரத்தை ஏற்றி, ஆக்சிலை 92 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய பிறகே அவற்றை இறுக்குவேன். ஆக்சில் இழுக்கும் திசைக்குப் பெட்டி தானாக நேராகிக்கொள்ளும். கோணலில் பூட்டினால் பூசிய பசையெல்லாம் வீண், பல்லின் ஒரு ஓரம் மட்டும் சுமையைத் தாங்கும்.

எண்ணெய், எஸ்.ஏ.இ. 80, ஜி.எல்.4 தர ஹைப்பாய்டு கியர் எண்ணெய். அளவு 0.19 லிட்டர், ஒரு டம்ளர் அளவுதான். வண்டியை நேராக நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பைத் தொடும்வரை ஊற்ற வேண்டும். ஊற்றும் போல்ட், வடிக்கும் போல்ட் இரண்டுக்கும் 23 நியூட்டன் மீட்டர். அலுமினியத்தில் மரை போனால் வேலை பெரிதாகிவிடும் என்பதால் இங்கே இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் நான் கை வைப்பதில்லை. பழைய எண்ணெயைப் புட்டியில் ஊற்றி மாநகராட்சியின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.

முதல் ஓட்டம் அருகிலுள்ள தெருக்களில் மட்டும். கிளம்புமுன் பிரேக் பெடலின் தளர்வைப் பார்த்தேன். திரும்பி வந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு, கசிவு இல்லை. கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் முன்பு கேட்ட 'டக்' ஓசை குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. தேய்ந்த பல் தேய்ந்ததுதான். ஹப் மட்டும் புதிதாக ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த 170/80-15 டயர் வாங்கும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடுவேன்.