லட்சத்தீவு நமக்குத் தூரமில்லை

குமரி மாவட்டத்து மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் லட்சத்தீவு என்றால் சுற்றுலா ஞாபகம் வராது. சூரையும் சுறாவும் தேடிப் போகிற கடல்தான். 2017 ஒக்கிப் புயலில் நம் படகுகள் பல ஒதுங்கியதும் அங்கேதான். சோறு போட்டு, தங்க இடம் கொடுத்த அந்த மக்களை எப்படி மறப்பது?

36 தீவுகள். எல்லாம் பவளத்தில் உண்டானவை. மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர்தான், மக்கள் வசிப்பது 10 தீவுகளில்.

எனக்கு மினிக்காய்மேல் தனிப் பிரியம். மற்ற தீவுகளில் மலையாளச் சாயல் பேச்சு, இங்கே மாலத்தீவு மொழியின் கிளையான மஹல். உயிருள்ள பொடிமீனைக் கடலில் வீசி, மொய்க்கும் சூரையைத் தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். வலையே கிடையாது. அப்புறம் அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் மாசிக் கருவாடு, விறகுக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். தேங்காய் சேர்த்து இடித்தால் போதும், வேறு குழம்பே வேண்டாம்!