தெருவுக்கு அடியில் ஓர் ஓடை

மார்ச் 8, ஞாயிறு

சேர்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வரும் ஓடை எங்கள் தெருமுனையில் தரைக்குள் போய்விடுகிறது. எங்கே வெளியே வருகிறது என்று கேட்டால் “திருமணிமுத்தாத்துல தான்” என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர் இல்லை. மேஸ்திரி சித்தப்பா வருகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு. “இங்க வெயிலடிச்சாலும் மல மேல கருத்திருந்தா எறங்கக் கூடாது கண்ணு.” ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 280. அங்கே பெய்தால் தண்ணீர் இங்கே சொல்லிக்கொண்டா வரும்?

மார்ச் 15, ஞாயிறு

வானம் வெளுத்திருந்தது. தெரிந்தவரிடம் வாங்கிய வாயு மீட்டர் 20.9 காட்டியது, வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அளவு. வாசலில் தம்பியை நிறுத்திவிட்டு இறங்கினோம். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கணுக்கால் அளவு தண்ணீர். முதல் எண்பது அடி கான்கிரீட் பெட்டி. பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, கருங்கல் வளைவு! சித்தப்பா டார்ச்சைக் கீழே இறக்கிக் கையால் தடவினார். “சுண்ணாம்புக் காரை. இன்னும் உதிரல பாரு.” தலைக்கு மேலே பஸ் போனபோது கல் அதிரவில்லை, என் நெஞ்சுதான் அதிர்ந்தது.

212-வது அடியில் வீட்டுக் கழிவுக்குழாய் ஒன்று சுவரைக் குடைந்து நுழைகிறது. அழுகிய முட்டை நாற்றம். மீட்டர் 19.5-க்கு இறங்கி அலறியது. திரும்பிவிட்டோம்.

மார்ச் 16

தூக்கம் வரவில்லை. அந்த அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அது கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் காற்று சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். மீட்டர் இல்லாமல் குழிக்குள் இறக்கப்படுகிறவர்களுக்கு யார் சொல்வது? மனிதர்களைக் கொண்டு கழிவு அள்ளுவதற்கான தடைச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. ஆட்களை இறக்குவது மட்டும் நிற்கவில்லை. ஓடையில் கழிவைச் சேர்த்துவிட்டு அதைச் சாக்கடை என்று கூப்பிடுவது அநியாயம்.

மார்ச் 22, ஞாயிறு

ஆற்றுப் பக்கமிருந்து நுழைந்தோம். தொண்ணூறு அடிதான் போனோம், மீட்டர் மறுபடி இறங்கத் தொடங்கியது. ஆனால் வலப்பக்கக் கல்லிடுக்கில் விரல் பருமனுக்கு ஊற்று கசிகிறது, தெளிந்து, சில்லென்று. கையேந்திப் பிடித்தேன். நாற்றமே இல்லை.

சாயங்காலம் மேலே அடி அளந்து பார்த்தோம். நாங்கள் நடக்காத நடுத்துண்டு பூக்கடைக்குக் கீழே வருகிறது. பூக்காரம்மாவிடம் சொன்னேன். “ஐப்பசி மழைல கடையச் சாத்தறப்ப கீழ சளசளன்னு கேக்கும். எலின்னுல்ல நெனச்சேன்” என்றவர், பூக்கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.