ஊற்றிக் கொடுத்தவருக்குப் பங்கே இல்லையா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு உயிரைப் பறித்தவன் ஜெயிலுக்குப் போகிறான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவன் நாக்கு குழற ஆரம்பித்த பிறகும் இன்னும் ரெண்டு ரவுண்டு ஊற்றி, பில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மேசையில் கிடந்த கார் சாவியை அவன் தடவி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்ற பாருக்கு இதில் ஒன்றுமே இல்லையா?

ஆங்கிலேயர் வழிவந்த பழைய சட்ட மரபு 'இல்லை' என்றுதான் சொன்னது. விபத்துக்குக் காரணம் குடித்தது, விற்றது அல்ல என்பது அதன் வாதம். அமெரிக்காவில் சில மாநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை மாற்றிச் சட்டம் போட்டன. 'டிராம் ஷாப்' சட்டம் என்பார்கள். டிராம் என்பது அந்தக் காலத்தில் சாராயம் அளந்து விற்ற சின்ன அளவு. நியூ ஜெர்சியில் 1959-ல், அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லாதபோதே, வயது வராதவருக்கும் போதை ஏறியவருக்கும் ஊற்றிய பார், பின்னால் நடக்கும் விபத்துக்கு நஷ்டஈடு தர வேண்டியிருக்கும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மேரிலாந்தில் 2008-ல் பாரிலிருந்து கிளம்பிய ஒருவர் மோதியதில் 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள். குடும்பம் அந்த பார்மீது வழக்குப் போட்டது. 2013-ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் பார் பொறுப்பல்ல என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மாற்றி யோசித்திருந்தால்! எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை மனதுக்கு ஒப்பவில்லை.

பார் பொறுப்பு என்று சட்டம் சொல்லும் இடங்களிலும் ஜெயிப்பது சுலபமில்லை. ஊற்றின நேரத்தில் ஆள் போதையில் இருந்தது வெளியே தெரிந்ததா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. டெக்சாஸில் தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்று பார்த்தாலே தெரிகிற அளவு போதை இருந்திருக்க வேண்டும். கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் முழுசாகக் கலக்க அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும், அதனால் பாரில் நிதானமாகத் தெரிந்தவன் நடுரோட்டில் முழுப் போதையில் இருக்கலாம். 'இங்கே நல்லாத்தான் இருந்தார்' என்று பார்க்காரர் சொல்வது எல்லா நேரமும் பொய் இல்லை. ஆனால் பில் என்று ஒன்று இருக்கிறதே. 8.05-க்கு ஒன்று, 8.20-க்கு ஒன்று, 8.30-க்கு ரெண்டு என்று நேரத்தோடு அச்சாகியிருந்தால், முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? விபத்துக்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பாரில் இருந்தபோது எவ்வளவு ஏறியிருக்கும் என்று நிபுணர்கள் சாட்சி சொல்வதும் உண்டு.

பழியை மேசைக்குக் கொண்டுவந்து வைத்த பையன் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். விற்பனையை ஏற்றச் சொல்வது முதலாளி, அந்தப் பையன் டிப்ஸை நம்பிப் பிழைப்பவன். ஓட்டினவன் தப்பித்துக்கொள்ள இது வழி என்பதையும் ஏற்க முடியாது, பொறுப்பைப் பங்கு போட முடியும். கனடாவில் 1973-ல் ஒரு வழக்கு: ஒரு ஹோட்டலுக்கு வழக்கமாக வந்து குடிக்கிறவரை, அவர் நிலை தெரிந்தே ஹோட்டல்காரர்கள் இரவில் வெளியே அனுப்பிவிட்டார்கள், நெடுஞ்சாலை ஓரமாக நடந்தவர்மேல் கார் மோதியது. குடித்தவர், காரோட்டி, ஹோட்டல் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

அப்புறம் ஒன்று, யாருக்காவது உதவும். பார் கேமரா பதிவுகள் பல இடங்களில் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பார்மீது வழக்குப் போடவே ஒரு வருஷம்தான் கெடு. இழவு வீட்டில் இதெல்லாம் யாருக்கு நினைவு வரும்? அதனால் பக்கத்தில் நிற்கிற உறவுக்காரர் யாராவது ஒருவர் வக்கீலைப் பிடித்து, பதிவையும் பில்லையும் அழிக்கக் கூடாது என்று அந்த பாருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.